குறைந்த தரவில் காலத்தொடர் மாடலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் மாதவாரியாக 24 எண்கள், மிஞ்சிப்போனால் 36. இன்னும் ஐந்து வருடம் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. அடுத்த ஆண்டுக்கான கணிப்பு இப்போதே வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அரிமா (தொடரின் முந்தைய மதிப்புகளையும் பிழைகளையும் வைத்துக் கணிப்பது), எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங் (அண்மை எண்களுக்குக் கூடுதல் எடை தந்து சராசரி எடுப்பது) போன்ற பெயர்கள் ஓரளவு பழக்கமானவர்களை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

குறைந்தபட்சம் எத்தனை தரவுப்புள்ளிகள் வேண்டும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. "30 இருந்தால் போதும்" என்று உலவும் விதிக்குக் காலத்தொடரில் எந்த அடிப்படையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அடித்தளம் உண்டு. அதற்குக் கீழே போனால் கணக்கே நடக்காது.

மாதத் தரவில் மிகவும் புழங்கும் பருவகால அரிமா மாடலை எடுத்துக்கொள்வோம்: ஒரு சாதாரண வேறுபாடு (முந்தைய மாத எண்ணைக் கழிப்பது), ஒரு 12 மாத வேறுபாடு (போன ஆண்டின் அதே மாதத்தைக் கழிப்பது), இரண்டு நகரும் சராசரிக் கெழுக்கள் (முந்தைய கணிப்புப் பிழைகளுக்கான எடைகள்). வேறுபாடு எடுப்பதிலேயே முதல் 13 புள்ளிகள் போய்விடும். கெழுக்களுக்கு 2. ஆக 15, குறைந்தது ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பதால் 16. மட்டம், போக்கு, பருவம் மூன்றையும் ஸ்மூத் செய்யும் ஹோல்ட்-விண்டர்ஸ் முறைக்கு மூன்று ஸ்மூத்திங் எண்கள், தொடக்க மட்டம், தொடக்கச் சரிவு (மாதத்துக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது), 12 பருவ எண்கள் என மொத்தம் 17. பருவ எண்களின் கூட்டுத்தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் ஒன்று குறைந்து 16. அதன்மேல் ஒன்று சேர்த்தால் 17.

இவை இரைச்சலே இல்லாத தரவுக்கான எல்லைகள். உங்கள் தரவில் மாதத்துக்கு மாதம் 3% தற்செயல் ஆட்டம் என்றால் 24 புள்ளிகளில்கூட உருப்படியாக ஏதாவது செய்யலாம். 40% ஆட்டம் என்றால் 60 புள்ளிகளும் பற்றாது.

என்னிடம் நாள்வாரியாக 400 எண்கள் உள்ளன. அதுவும் குறைவா?

எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரச் சுழற்சியைப் பார்க்க அதில் 57 வாரங்கள் இருக்கின்றன, தாராளம். ஆண்டுச் சுழற்சியைப் பார்க்க இருப்பதோ ஒன்றே ஒன்று. ஒரு கோடையைப் பார்த்துவிட்டு "கோடையில் ஏறும்" என்று சொல்ல முடியாது. அந்தக் கோடையில் ஏறியது, அவ்வளவுதான்.

வரிகளை எண்ணாதீர்கள், சாட்சிகளை எண்ணுங்கள். அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே நகர்ந்தால் அவை தனித்தனிச் சாட்சிகள் ஆகா. முதல்படித் தன்னொட்டுறவு (ஒவ்வோர் எண்ணும் அதற்கு முந்தைய எண்ணோடு கொண்ட தொடர்பு) மட்டுமே உள்ள தொடரின் சராசரியை மதிப்பிடும்போது, பயனுள்ள எண்ணிக்கை தோராயமாக இப்படி வரும்: புள்ளிகளின் எண்ணிக்கை × (1 − ஒட்டுறவு) ÷ (1 + ஒட்டுறவு). 36 மாதங்கள், ஒட்டுறவு 0.6 என்றால் 36 × 0.4 ÷ 1.6 = 9. மூன்று வருடத் தரவு ஒன்பது எண்களின் பலத்தோடுதான் பேசுகிறது.

இதன் மறுபக்கம்: மாதத் தரவை நாள்வாரியாக வாங்கினால் போக்கு பற்றியோ ஆண்டுச் சுழற்சி பற்றியோ ஏறக்குறைய எதுவும் கூடுதலாகத் தெரிய வராது, அதற்குக் காலநீளம்தான் வேண்டும். ஏற்ற இறக்கத்தின் அளவு, வாரநாள் விளைவு ஆகியவற்றுக்கு மட்டும் அது உதவும்.

எந்த மாடலில் தொடங்குவது?

மாடலே அல்லாத ஒன்றில். "அடுத்த மாதமும் இதே எண்", "அடுத்த ஜூலையும் போன ஜூலை போலவே" என்ற இரண்டு அப்பாவிக் கணிப்புகளையும் முதலில் போட்டு, அவற்றின் பிழையைக் குறித்து வையுங்கள். இவற்றை வெல்லாத மாடலை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தூக்கி வைத்துவிடலாம்.

ஓர் உண்மைத் தரவில் பார்ப்போம். பாக்ஸும் ஜென்கின்ஸும் பிரபலமாக்கிய பன்னாட்டு விமானப் பயணிகள் தொடர் 1949 முதல் 1960 வரை 144 மாதங்கள் ஓடுகிறது; அலகு ஆயிரம் பயணிகள். அதில் 1949, 1950 ஆகிய 24 மாதங்கள் மட்டுமே நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு 1951-ஐக் கணிப்போம். 1949-இன் மொத்தம் 1520, 1950-இன் மொத்தம் 1676.

முதல் வழி, 1950-இன் 12 எண்களையே அப்படியே 1951-க்கு எழுதுவது. 1951-இன் உண்மை மொத்தம் 2042. சராசரிப் பிழை மாதத்துக்கு 30.5. இரண்டாம் வழி, 1950-இன் ஒவ்வொரு மாதத்தையும் 1676 ÷ 1520 = 1.103 என்ற வளர்ச்சி விகிதத்தால் பெருக்குவது. பிழை 16.2-ஆக இறங்குகிறது, ஏறக்குறையப் பாதி. மூன்றாம் வழி, வளர்ச்சி விகிதத்தைப் பிந்தைய ஆறு மாதங்களிலிருந்து மட்டும் எடுப்பது: 1950 ஜூலை–டிசம்பர் 885, 1949 ஜூலை–டிசம்பர் 773, விகிதம் 1.145. பிழை 10.3. தாளில் போடக்கூடிய கணக்குதான் மூன்றும். இருந்தும் பிழை மூன்றில் ஒன்றாகிவிட்டது.

இங்கே நிறுத்திக்கொண்டால் மூன்றாம் வழிதான் சிறந்தது என்று சொல்லிவிடலாம். சொல்லாதீர்கள். பிழைகளின் குறியைப் பாருங்கள்: மூன்று வழிகளிலும் 12 மாதங்களும் கணிப்பைவிடக் கூடுதலாகவே வந்துள்ளன. 12 பிழைகள் 12 சாட்சிகள் அல்ல. "1951-இல் வளர்ச்சி நினைத்ததைவிட அதிகம்" என்ற ஒரே செய்தியைப் பன்னிரண்டு முறை கேட்கிறோம். இப்போது 1951-ஐயும் சேர்த்துக்கொண்டு 1952-ஐக் கணித்தால் நிலைமை தலைகீழ். முழு ஆண்டு விகிதம் 1.218. அதனால் பெருக்கினால் 12-இல் 11 மாதங்கள் கணிப்பைவிடக் குறைவாக வருகின்றன. சராசரிப் பிழை 10.5. பிந்தைய ஆறு மாத விகிதமான 1.193-ஐ எடுத்தால் பிழை 7.9. இரண்டு ஆண்டும் மூன்றாம் வழிதான் முந்துகிறது என்பது உண்மை. ஆனால் அது இரண்டுக்கு இரண்டு, 24-க்கு 24 அல்ல. குறைந்த தரவில் மாடல் தேர்வு பெரும்பாலும் இவ்வளவு மெல்லிய ஆதாரத்தில்தான் நிற்கிறது.

அப்பாவிக் கணிப்புக்கு அடுத்த படி?

எளிய எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங், பிறகு தணிக்கப்பட்ட போக்கு (மாதம் செல்லச் செல்லத் தளரும் போக்கு), பிறகு தீட்டா முறை (நேர்கோட்டுப் போக்கையும் ஸ்மூத்திங்கையும் சராசரியாக்குவது). 3003 தொடர்களை வைத்து நடந்து 2000-இல் முடிவுகள் வெளியான எம்3 என்ற கணிப்பு முறைகளுக்கான போட்டியில் முன்னணிக்கு வந்தது தீட்டாதான்; எக்ஸெலிலேயே போட்டுவிடலாம்.

குறுகிய தொடரில் போக்கைத் தணிக்காமல் விடுவதே பெரிய ஆபத்து. கடைசி சில புள்ளிகளில் தென்பட்ட சரிவை 12 மாதத்துக்கு நீட்டினால் அதன் 12 மடங்கு சேர்ந்துவிடும். தணிப்பு எண் 0.9 என்றால் சேர்வது சுமார் 6.5 மடங்குதான். இந்தத் தணிப்பு எண்ணைத் தரவிலிருந்து மதிப்பிட விடாதீர்கள். 24 புள்ளிகளில் அது போய் ஓர் எல்லையில் ஒட்டிக்கொள்ளும். 0.85-க்கும் 0.95-க்கும் இடையில் நீங்களே வைத்துவிடுவது மேல்.

இரண்டு மூன்று எளிய முறைகளின் சாதாரணச் சராசரியும் நல்ல கணிப்புதான். எதற்கு எவ்வளவு எடை என்று தரவைக் கேட்டு உகந்த எடை தேடாதீர்கள். அந்த எடைகளும் மதிப்பிட வேண்டிய அளவுருக்களே.

ஆட்டோ அரிமா (அரிமா மாடலைத் தானே தேர்ந்தெடுக்கும் கருவி) வெறும் நேர்கோட்டைக் கணிப்பாகத் தருகிறது. ஏதோ பழுதா?

முதலில் அமைப்பைப் பாருங்கள். ஆர் (R) நிரல்மொழியில் தொடரை உருவாக்கும்போது அதிர்வெண்ணை (ஒரு சுழற்சியில் எத்தனை புள்ளிகள் என்பதை) 12 என்று கொடுக்காவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்ளும். பருவ மாடல்களை அது முயன்றே பார்த்திருக்காது. அதிர்வெண் சரியாக இருந்தும் நேர்கோடு வந்தால், பழுது இல்லை. "இதைவிடச் சிக்கலான எதையும் நியாயப்படுத்த இங்கே தரவு இல்லை" என்று கருவி நேர்மையாகச் சொல்கிறது.

அது பயன்படுத்தும் அளவுகோல் ஏஐசிசி: மாடல் எவ்வளவு பொருந்துகிறது, எத்தனை அளவுருக்களைச் செலவழிக்கிறது என்ற இரண்டையும் எடைபோடும் எண், குறைவாக வருவதே நல்லது. சாதாரண ஏஐசி அளவோடு, சிறிய தரவுக்காக ஒரு தண்டனை கூடுதலாகச் சேரும்: 2 × அளவுருக்கள் × (அளவுருக்கள் + 1) ÷ (புள்ளிகள் − அளவுருக்கள் − 1). 24 புள்ளிகளுக்கு 6 அளவுருக்கள் என்றால் 84 ÷ 17, ஏறத்தாழ 4.9. 240 புள்ளிகளாக இருந்தால் அதே தண்டனை 0.36 மட்டுமே. சிறிய தரவில் ஏஐசியைப் பார்ப்பவர்கள் பெரிய மாடலில் போய் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பல மாடல்களைப் படிப்படியாகத் தேடும் குறுக்குவழியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் முயலச் சொல்லுங்கள். குறுகிய தொடருக்குச் சில நொடிகள்தான் ஆகும். இரண்டு மாடல்களின் ஏஐசிசி வித்தியாசம் 2-க்குள் இருந்தால் சிறியதை எடுங்கள். ஒரு பொறி: வேறுபாடு எடுத்த எண்ணிக்கை மாறினால் ஏஐசிசி மதிப்புகளை ஒப்பிடவே கூடாது. இரண்டும் வெவ்வேறு தரவின் மேல் கணக்கிடப்பட்டவை. அரிமாவின் ஏஐசிசியை எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்கின் ஏஐசிசியோடு ஒப்பிடுவதும் இதே தவறு.

தன்னொட்டுறவுப் படத்தில் எந்தக் கோலும் எல்லையைத் தாண்டவில்லை. தொடர் வெறும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்த எல்லையைக் காட்டும் நீலக்கோடு ±1.96 ÷ √புள்ளிகள். 24 புள்ளிகளுக்கு அது ±0.40. உண்மையான ஒட்டுறவு 0.35 என்றால், அது உங்கள் கணிப்பை மாற்றக்கூடிய அளவுதான், இருந்தும் பெரும்பாலும் கோட்டுக்கு உள்ளேயே கிடக்கும்.

இன்னொரு சிக்கல், ஒட்டுறவு மதிப்பு குறைந்த தரவில் ஒரே பக்கமாகச் சாய்கிறது. சராசரியையும் சேர்த்து மதிப்பிடும்போது, முதல்படிக் கெழு தோராயமாக (1 + 3 × கெழு) ÷ புள்ளிகள் அளவுக்குக் குறைத்துக் காட்டப்படும். உண்மை 0.8, புள்ளிகள் 24 என்றால் 3.4 ÷ 24 = 0.14. திரையில் தெரிவது சுமார் 0.66. அதிர்ச்சிகள் சீக்கிரம் ஆறிவிடும் என்று மாடல் சொல்லும், உண்மையில் ஆறாது.

நிலைத்தன்மைச் சோதனைகளை (தொடர் ஒரு மட்டத்துக்குத் திரும்புமா என்று பார்ப்பவை) நம்பலாமா?

24 அல்லது 36 புள்ளிகளில் முதல்படிக் கெழு 0.9-ஆ (திரும்பும்) 1-ஆ (திரும்பாது) என்று எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. டிக்கி-ஃபுல்லர் சோதனை "நிலையற்றது" என்று தொடங்கி, மறுக்க ஆதாரம் இல்லை என்று முடிக்கும். கேபிஎஸ்எஸ் சோதனை "நிலையானது" என்று தொடங்கி, அதையும் மறுக்க ஆதாரம் இல்லை என்று முடிக்கும். இரண்டு பதிலும் சேர்ந்து சொல்வது: தெரியவில்லை. துறை அறிவிலிருந்து முடிவெடுங்கள். இந்த அளவு ஒரு மட்டத்துக்குத் திரும்பி வரக் காரணம் ஏதும் உண்டா? ஓர் அறையின் வெப்பநிலைக்கு உண்டு. ஒரு செயலியின் மொத்தப் பயனர் எண்ணிக்கைக்கு இல்லை.

பருவச் சுழற்சி இருக்கிறது, ஆனால் இரண்டு முழு ஆண்டுத் தரவு இல்லை. என்ன செய்வது?

கருவிகளே இங்கே மறுத்துவிடும். தொடரைப் போக்கு, பருவம், மிச்சம் எனப் பிரிக்கும் ஆரின் எஸ்டிஎல் பிரிப்பு இரண்டு சுழற்சிக்குக் குறைந்தால் பிழைச்செய்தி தரும். பைத்தானின் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் நூலகத்தில் பருவப் பிரிப்பும் 24 புள்ளிகள் கேட்கும். இந்தத் தடையைத் தாண்ட வேண்டும் என்பதற்காகத் தரவை நகலெடுத்து ஒட்டி நீளமாக்குபவர்கள் உண்டு. கருவி வாய் திறக்காது. முதல் ஆண்டின் இரைச்சல் முழுவதும் "பருவம்" என்ற பெயரில் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

வழிகள் இரண்டு. ஒன்று, பருவத்தைக் குறைந்த அளவுருக்களில் எழுதுவது. மாதத்துக்கு ஒன்று என 11 எண்களை மதிப்பிடுவதற்குப் பதில், ஒரு சைன், ஒரு கொசைன் அலை போட்டால் இரண்டே எண்கள். ஆண்டில் ஒரு மேடு ஒரு பள்ளம் என்ற வடிவத்துக்கு அது போதும். பண்டிகை மாதம் போன்ற கூர்மையான உச்சிகளை மட்டும் மழுங்கடித்துவிடும்; அப்படிப்பட்ட மாதத்துக்குத் தனியாக ஒரு 0/1 மாறி (அந்த மாதத்தில் 1, மற்றவற்றில் 0) கொடுங்கள்.

இரண்டு, கடன் வாங்குவது. இதே மாதிரி நடந்துகொள்ளும், நீளமான வரலாறு உள்ள வேறு தொடர்கள் இருந்தால் அவற்றின் பருவ எண்களை எடுத்துக்கொள்ளலாம். முழுதாக எடுக்காமல் உங்கள் எண்ணோடு கலப்பதே நல்லது. உதாரணமாக, உங்கள் இரண்டு ஆண்டுத் தரவில் ஜூலையின் பருவ எண் 1.30 (வழக்கமான மாதத்தைப்போல் 1.30 மடங்கு), ஒத்த தொடர்களின் சராசரி 1.14. தொடருக்குத் தொடர் ஜூலை எண் மாறும் திட்டவிலக்கம் 0.08, ஒரே தொடரில் ஆண்டுக்காண்டு ஆடும் திட்டவிலக்கம் 0.12 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்ணுக்கான எடை:

0.08² ÷ (0.08² + 0.12² ÷ 2) = 0.0064 ÷ 0.0136 = 0.47

கலந்த எண் 1.14 + 0.47 × 0.16, அதாவது சுமார் 1.22. மூன்றாம் ஆண்டுத் தரவு வந்ததும் எடை தானாக 0.57-ஆக உயரும். பன்னிரண்டு மாதங்களுக்கும் இப்படிப் போட்டபின், அவற்றின் சராசரி 1 ஆகும்படி ஒருமுறை சரிசெய்யுங்கள். பிறகு தொடரைப் பருவ எண்ணால் வகுத்து, எளிய ஸ்மூத்திங்கில் கணித்து, மீண்டும் பெருக்குங்கள். வகுத்ததை மறுபடி பெருக்க மறந்து அறிக்கை அனுப்பிய சம்பவங்கள் இந்தத் தொழிலில் அபூர்வமல்ல.

பேயீசியன் முறையில் முன்னனுமானம் (தரவைப் பார்க்கும் முன்பே நமக்கு உள்ள எதிர்பார்ப்பு) கொடுப்பது முடிவைத் திணிப்பது ஆகாதா?

மேலே பார்த்த 1.14-உம் ஒரு முன்னனுமானம்தான். அரிமாவில் "கெழு இரண்டு போதும்" என்று வெட்டுவதும்கூட, மற்ற கெழுக்கள் எல்லாம் சரியாகப் பூஜ்யம் என்ற மிகக் கடுமையான முன்னனுமானமே. பேயீசியன் முறையில் அதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. மற்றவற்றில் மறைந்து கிடக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: பேயீசியன் மாடல்களை ஓட்டும் ஸ்டான் அல்லது பைஎம்சி கருவியில் முதல்படிக் கெழுவுக்கு மையம் 0.5, திட்டவிலக்கம் 0.3 என்ற அளவில் தொடங்குங்கள். திட்டவிலக்கங்களுக்கு அரை-இயல்நிலைப் பரவல் கொடுங்கள். அதன் அகலம் தரவின் அலகுக்கு ஏற்ப இருக்கட்டும். தரவைக் காட்டும் முன்பே அந்த முன்னனுமானங்களிலிருந்து 100 போலித் தொடர்களை ஓட்டிப் படம் போடுங்கள். மாதம் 500 விற்கும் பொருளுக்கு 4 லட்சம் என்று போலித் தொடர் பாய்ந்தால் முன்னனுமானம் தளர்ந்து கிடக்கிறது. "நடுநிலையாக இருக்கட்டும்" என்று மிக அகலமாகக் கொடுப்பது நடுநிலை அல்ல. அபத்தமான மதிப்புகளுக்குக் கதவைத் திறந்து வைப்பது.

கடைசியாக, எல்லா முன்னனுமான அகலங்களையும் இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். கணிப்பு குறிப்பிடத்தக்க அளவில் நகர்ந்தால், பேசுவது தரவு அல்ல, நீங்கள். அது குற்றமல்ல, ஆனால் அறிக்கையில் அந்த வரி இருக்க வேண்டும்.

80% பயிற்சிக்கு, 20% சோதனைக்கு என்று பிரித்துச் சோதிக்கலாமா?

30 மாதத்தில் 20% என்றால் 6 மாதங்கள், அதுவும் ஒரே தொடக்கப்புள்ளியிலிருந்து. விமானத் தரவில் பார்த்ததுபோல அது ஒரு சாட்சிதான். நகரும் தொடக்கப்புள்ளிச் சோதனை செய்யுங்கள்: முதல் 18 மாதங்களில் பொருத்தி 19, 20, 21-ஐக் கணியுங்கள், பிறகு 19 மாதங்களில் பொருத்தி அடுத்த மூன்று, இப்படியே 27 வரை. பத்துத் தொடக்கப்புள்ளிகள், 30 பிழைகள். அவை ஒன்றோடொன்று மேற்பொருந்துவதால் 30 என்று நம்பிவிடாதீர்கள், இருந்தாலும் 6-ஐவிட எவ்வளவோ மேல்.

வரிகளைக் குலுக்கிப் பிரிக்கும் வழக்கமான குறுக்குச் சரிபார்ப்பு இங்கே ஆகாது: எதிர்காலத்தை வைத்து இறந்தகாலத்தைக் கணிக்க ஆரம்பித்துவிடும். அதைவிட நுட்பமான கசிவு முன்தயாரிப்பில் நடக்கிறது. முழுத் தொடரிலும் பருவ எண் கணக்கிட்டு, முழுத் தொடரின் சராசரியால் அளவுமாற்றி, விடுபட்டவற்றை இருபுறமும் பார்த்து நிரப்பி, அதன்பின் பிரித்தால் சோதனைப் பகுதி ஏற்கெனவே பயிற்சிக்குள் நுழைந்துவிட்டது. எல்லா முன்தயாரிப்பும் ஒவ்வொரு தொடக்கப்புள்ளியிலும் புதிதாக நடக்க வேண்டும்.

பிழையை அளக்க மேஸ் (MASE) அளவைப் பயன்படுத்துங்கள்: உங்கள் சராசரிப் பிழையை, பயிற்சிப் பகுதியில் அப்பாவிக் கணிப்பு செய்த சராசரிப் பிழையால் வகுத்தது. சதவீதப் பிழை பூஜ்யத்துக்கு அருகில் வெடித்துவிடும்.

கணிப்பு இடைவெளி (உண்மை எண் விழக்கூடிய கீழ், மேல் எல்லைகள்) மிகக் குறுகலாக வருகிறது. ஏன்?

மென்பொருள் பெரும்பாலும் அளவுருக்கள் துல்லியமாகத் தெரியும் என்று பாவித்துக்கொண்டே இடைவெளி போடுகிறது. மாடல் சரியானதுதானா என்ற சந்தேகத்தையும் அது கணக்கில் எடுப்பதில்லை. மிக எளிய சூழலைப் பாருங்கள்: போக்கும் ஒட்டுறவும் இல்லாத 12 எண்கள். 95% இடைவெளிக்கு 1.96 மடங்கு திட்டவிலக்கம் என்று போடுவார்கள். சரியானது, 11 கட்டின்மைப் படிகளுக்கான (12 − 1) டி பரவலின் மதிப்பு 2.201 × √(1 + 1 ÷ 12), அதாவது 2.29 மடங்கு. இவ்வளவு எளிய தரவிலேயே அகலம் இன்னும் 17% கூடியிருக்க வேண்டும். போக்கும் பருவமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

மாடலை நம்பாமல், நகரும் சோதனையில் கிடைத்த பிழைகளையே வரிசைப்படுத்தி இடைவெளி எடுக்கலாம். கன்ஃபார்மல் முறை என்பது இதுதான். அதற்கும் எண்ணிக்கைக் கணக்கு உண்டு: 95% இடைவெளிக்குக் குறைந்தது 19 பிழைகள், 90%-க்கு 9, 80%-க்கு 4. பத்துப் பிழைகளை வைத்துக்கொண்டு 95% கேட்காதீர்கள், 80% போதும் என்று பேசி முடியுங்கள்.

மடக்கை எடுத்து மாடல் செய்திருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திரும்ப மாற்றும்போது கிடைப்பது இடைநிலை, சராசரி அல்ல. மடக்கை அளவில் திட்டவிலக்கம் 0.3 என்றால் சராசரி அதைவிட 4.6% அதிகம். மாதங்களைக் கூட்டி ஆண்டு மொத்தம் சொல்பவர்கள் இதை விட்டால் தொடர்ந்து குறைத்தே சொல்வார்கள்.

இடையில் சில மாதங்கள் இல்லை. நேர்கோட்டில் நிரப்பலாமா?

வேண்டாம். நிரப்பிய புள்ளிகளில் இரைச்சல் இருக்காது; எனவே ஒட்டுறவு கூடித் தெரியும், இடைவெளி மேலும் குறுகும். 30-இல் 4 நிரப்பினாலே விளைவு தெரிய ஆரம்பிக்கும். நிலைவெளி மாடல்கள் (கண்ணுக்குத் தெரியாத மட்டத்தைப் படிப்படியாக மதிப்பிடுபவை) கால்மன் வடிப்பான் என்ற கணக்குமுறை மூலம் வெற்றிடத்தை அப்படியே ஏற்கும். ஆரின் அரிமாவும் ஸ்டேட்ஸ்மாடல்ஸின் சாரிமேக்ஸும் அந்த வகைதான்; வெற்று மதிப்பாகவே கொடுத்துவிடுங்கள். பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு என்பதை மட்டும் மூலத் தரவிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2020 போன்ற அசாதாரண மாதங்களை என்ன செய்வது?

காரணம் தெரிந்தால் அந்த மாதங்களுக்கு 0/1 மாறி போடலாம். மாதத்துக்கு ஒரு மாறி என்றால் அந்தப் புள்ளியை நீக்குவதற்குச் சமம். ஆறு மாதத்துக்கு ஆறு மாறிகள் போட்டு 30-ஐ 24 ஆக்கியதை மறக்கக் கூடாது. காரணம் தெரியாத ஒற்றை உச்சியை நீக்காதீர்கள். அது மறுபடியும் வரலாம்.

மட்டமே நிரந்தரமாக மாறியிருந்தால் அது வேறு விஷயம். நைல் நதியின் 1871–1970 ஆண்டுப் பாய்வுத் தொடரில் 1899 வாக்கில் மட்டம் ஒரேயடியாக இறங்குகிறது. அதைக் கவனிக்காமல் நூறாண்டுக்கும் ஒரு சராசரி போட்டால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாது. உங்கள் தொடரில் இப்படி ஒரு முறிவு இருந்தால், பழைய பகுதியிலிருந்து பருவ வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மட்டத்தைப் புதிய பகுதியிலிருந்து எடுங்கள்.

செயற்கைத் தரவு உருவாக்கிப் பெருக்கினால்?

தகவல் பெருகாது. 36 புள்ளிகளிலிருந்து ஆயிரம் பூட்ஸ்டிராப் தொடர்கள் (இருக்கும் தரவையே குலுக்கி மறுபடி அடுக்கியவை) எடுத்தாலும் அவை அந்த 36-இன் எதிரொலிதான். ஆனால் பயன் ஒன்று உண்டு: ஒவ்வொரு போலித் தொடரிலும் மாடலைப் பொருத்திப் பார்த்தால் உங்கள் கணிப்பு எவ்வளவு ஆடுகிறது என்பது தெரியும், அந்தக் கணிப்புகளின் சராசரி ஒற்றைக் கணிப்பைவிட நிதானமாகவும் இருக்கும். எச்சங்களை (மாடல் விளக்காமல் விட்ட மிச்சங்களை) ஒவ்வொன்றாகக் குலுக்காமல் தொகுதிகளாக எடுங்கள், இல்லையேல் ஒட்டுறவு சிதைந்துவிடும்.

எல்எஸ்டிஎம் (வரிசைத் தரவுக்கான நரம்பு வலை) அல்லது முன்பயிற்சி பெற்ற பெரிய மாடல்கள்?

32 அலகுகள் கொண்ட ஒரே அடுக்கு எல்எஸ்டிஎம், ஒற்றை உள்ளீட்டுக்கே 4352 அளவுருக்கள் கொண்டது. உங்களிடம் 48 எண்கள். மேலே சொன்ன கணக்குகளுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு லட்சம் தொடர்களோடு 2018-இல் நடந்த எம்4 போட்டியில், ஒவ்வொரு தொடருக்கும் தனியே பயிற்சி பெற்ற தூய இயந்திரக் கற்றல் முறைகள் எளிய புள்ளியியல் முறைகளின் சராசரியை முந்தவில்லை. வென்றது ஸ்லாவெக் ஸ்மிலின் கலப்பு முறை. எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்கின் மேல் நரம்பு வலை, அதுவும் பல தொடர்களிலிருந்து சேர்ந்து கற்றது. உங்களிடம் ஒத்த தொடர்கள் 500 இருந்தால், ஒவ்வொன்றும் குறுகியதாக இருந்தாலும், அந்த வழி திறந்திருக்கிறது.

குரோனோஸ், டைம்ஸ்எஃப்எம் போன்ற முன்பயிற்சி மாடல்கள் கடன் வாங்குவதன் பெரிய வடிவம். முயன்று பார்க்கலாம், ஆனால் சோதனைக்கு விமானப் பயணிகள் தொடர் மாதிரி பொதுத் தரவை எடுக்காதீர்கள், அதை அவை பயிற்சியிலேயே பார்த்திருக்கக்கூடும். உங்கள் தரவில், நகரும் தொடக்கப்புள்ளியில், அப்பாவிக் கணிப்போடு மோத விடுங்கள்.

பாதி மாதங்கள் பூஜ்யம். எந்த முறை?

உதிரி பாகத் தேவை போன்ற விட்டுவிட்டு வரும் தொடர்களுக்கு 1972-இல் வந்த குரோஸ்டன் முறை: வந்தபோது எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற இரண்டையும் தனித்தனியே ஸ்மூத் செய்து வகுப்பது. அது கொஞ்சம் கூட்டிச் சொல்லும். ஸ்மூத்திங் எண் 0.1 என்றால் விடையை 0.95-ஆல் பெருக்குவது வழக்கமான திருத்தம். தேவை அடியோடு நின்றுபோன பொருளுக்கும் அது பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும், கவனம்.

வெளி மாறிகளைச் சேர்த்தால் தரவுக் குறைவு ஈடாகுமா?

ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இருபது மாறிகளைத் தேடிப் பார்த்தால் 30 புள்ளிகளில் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்தியே தீரும். போக்குள்ள இரண்டு தொடர்கள் எந்தத் தொடர்பும் இல்லாமலே ஒன்றாக ஏறுவதைப் புள்ளியியலாளர் யூல் 1926-லேயே காட்டிவிட்டார். வேறுபாடு எடுத்தபின்னும் உறவு நிற்கிறதா என்று பாருங்கள். அந்த மாறியின் எதிர்கால மதிப்பு கணிக்கும் நாளில் உங்கள் கையில் இருக்குமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு கணிப்புக்குப் பதில் இரண்டு கணிப்பு செய்ய வேண்டிவரும்.

புது மாதம் ஒன்று சேர்ந்ததும் மாடலை மாற்றலாமா?

கெழுக்களை மறுபடி மதிப்பிடுங்கள், மாடலின் வடிவத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தேர்வு செய்தால் ஒரு மாதம் போக்கு இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. கணிப்பு குதிப்பதைப் பார்த்துப் பயனர்கள் நம்பிக்கை இழப்பார்கள். வடிவத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்தால் போதும். ஒவ்வொரு கணிப்பையும் அது போடப்பட்ட தேதியோடு, இடைவெளியோடு, அன்றைய தரவுக் கோப்போடு தனியாகச் சேமித்து வையுங்கள். மூல எண்கள் பின்னால் திருத்தப்படுவதுண்டு. திருத்தப்பட்ட தரவில் பழைய மாடலை ஓட்டிப் பார்த்தால் அன்று உண்மையில் எவ்வளவு தவறினோம் என்பது தெரியாது. ஒரு வருடம் கழித்து அந்தக் கோப்பில் 12 தொடக்கப்புள்ளிகள் இருக்கும்.